கார்த்திகையில் ஒரு காலி வாரம்

கிருஷ்ணப்ரியா கேட்டது ஏழே நாள். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது, அதில் ஏழு. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இமயமலைப் பக்கம் போய், காலில் இரண்டு பலகையை மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்கி, நாலு தடவை குப்புற விழுந்து, ஐந்தாம் தடவை விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டு வீடு திரும்ப அவ்வளவு நாள் வேண்டும். இதை அவள் ஜூன் மாதமே வீட்டில் சொல்லிவிட்டாள். தேதியும் சொன்னாள். ஜனவரி பதினெட்டு முதல் இருபத்துநாலு வரை. ஜோஷிமட்டுக்கு மேலே ஔலியில் இருந்த ஒரு சறுக்குப் பள்ளிக்குத் தானே போன் போட்டு, எந்த வாரத்தில் பனி ஏமாற்றாது என்று விசாரித்துக்கொண்டு சொன்ன தேதி.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் அந்த வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக் காட்டினார்கள். மாமனார் துரைசுவாமி, டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், "பேஷாப் போயிட்டு வாயேன்" என்றார். மாமியார் தர்மாம்பாள் கம்பளி இருக்கிறதா என்று கேட்டாள். கணவன் ஹரிஷங்கர் ரயில்வேயில் வேலை பார்ப்பவன். "நானும் வரேன். நீ சறுக்கு, நான் ஹீட்டர் பக்கத்துல ஒக்காந்துண்டு பாக்கறேன்" என்றான். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில் சிரித்துவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வேண்டாம் என்று எவராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருக்கலாம். இப்படிச் சரி சரி என்று தலையாட்டுகிறவர்களிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

அவள் குறித்த முதல் தேதி ஆகஸ்டில் கைவிட்டுப் போயிற்று. ஹரிஷங்கரின் தங்கை ஸ்ரீஜா கோவையில் வீடு கட்டி முடித்திருந்தாள். தை மாதம் கிருஹப்பிரவேசம், ஜனவரி இருபத்திரண்டு. "மன்னி இல்லாம பால் காய்ச்ச முடியுமா என்ன?" என்று ஸ்ரீஜா கேட்டாள். கேட்பதில் நியாயம் இருந்தது. கிருஷ்ணப்ரியா பிப்ரவரிக்கு மாற்றலாம் என்றாள். மாசியில் துரைசுவாமியின் தகப்பனாருக்குச் சிராத்தம். மடியாகச் சமைக்க அவளை விட்டால் ஆள் இல்லை. அதிலும் நியாயம் இருந்தது. மார்ச் மாதம் அவள் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் வருஷக் கடைசி, அப்போது விடுப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. டிசம்பர் பின்பாதி மார்கழி. "மார்கழியில புதுசா ஒண்ணைத் தொடங்கற வழக்கம் நம்மாத்துல இல்லை" என்றார் துரைசுவாமி. பனியில் சறுக்குவது என்ன கல்யாணமா, காதுகுத்தா, மார்கழியில் ஆகாமல் போக? ஆனால் அதை அவள் கேட்கவில்லை. மாமனார் பஞ்சாங்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இதோ பார். கார்த்திகை தீபம் ஆயிட்டு, மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடி. ஒருத்தருக்கும் ஒரு விசேஷமும் இல்லை. காலியாக் கெடக்கு."

அந்த வீட்டுக்காரர்களுக்கு வேறு ஒன்றும் இல்லாத வாரம் எதுவோ அதுதான் அவளுடைய வாரம். பனி எப்போது விழும் என்பதைப் பற்றிப் பஞ்சாங்கத்தில் ஒரு வரி கிடையாது. துரைசுவாமிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

கிருஷ்ணப்ரியா மறுபடி பள்ளிக்குப் போன் போட்டாள். அங்கே பயிற்சி கொடுக்கும் ரஜ்னி நேகி என்ற பெண் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். டிசம்பர் ஐந்து முதல் பதினொன்று வரை முதல் பேட்ச் ஒன்று இருக்கிறது. ஆனால் அது துணிந்தவர்களுக்கானது. சில வருஷம் அந்த நாட்களில் முழங்கால் வரை பனி இருக்கும், சில வருஷம் மாடு மேயும். பிறகு வருத்தப்படாதீர்கள், முடிந்தால் ஜனவரிக்கே வாருங்கள் என்றாள்.

இதை வீட்டில் சொன்னபோது துரைசுவாமி சிரித்தார். "நான் பத்ரிக்குப் போனது தொண்ணூத்தி நாலுல. ஐப்பசி கடைசியாக்கும். அப்பவே கொட்டு கொட்டுன்னு கொட்டித்து. ஐப்பசிலயே அப்படின்னா கார்த்திகைல கேக்கணுமா?"

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் தலையில் விழுந்த பனிதான் சாட்சி. அங்கேயே பிறந்து, அந்தச் சரிவிலேயே வேலை பார்க்கிறவள் சொன்னது சாட்சி இல்லை. ஹரிஷங்கரும் "ஹிமாலயத்துல பனி இல்லாம எங்க போயிடப் போறது" என்றான். ஏப்ரல் மாதம் பாலக்காட்டில் மின்விசிறிக்கு அடியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறவர்களுக்கு இமயமலை என்றால் எப்போதும் வெள்ளையாக இருக்கும் ஒரு காலண்டர் படம். அவள் ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டோம் என்று பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டது சின்ன விஷயமாக இருந்தது, அதுதான் காரணம். யாரும் மொத்தமாகப் பிடுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள்.

படிவத்தை நிரப்பியது ஹரிஷங்கர். அந்த வீட்டில் எந்தப் படிவமானாலும் அவன்தான் நிரப்புவான். கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, மகளின் கல்லூரி எல்லாவற்றிலும் தொடர்பு எண் என்ற இடத்தில் அவன் எண்தான் இருக்கும். இதிலும் பயிற்சிக்கு வருபவர் கிருஷ்ணப்ரியா, தொடர்புக்கு ஹரிஷங்கர். அவளும் அதைப் பார்த்தாள். வங்கியில் தினமும் நூறு பேருடைய எண்ணைச் சரிபார்க்கிறவள், தன் பெயருக்கு எதிரே வேறு ஒருவர் எண் இருப்பதைப் பார்த்துவிட்டு, வழக்கம்தானே என்று கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஒருநாள் டிக்கெட் வந்தது. இரண்டு பேருக்கு வர வேண்டியது நான்கு பேருக்கு வந்திருந்தது.

"அப்பாவும் அம்மாவும் வரா" என்றான் ஹரிஷங்கர். "அத்தனை தூரம் போறோம். ஹரித்வார் வழியிலதானே இருக்கு. கார்த்திகை மாசம் கங்கா ஸ்நானம் பண்ணணும்னு அம்மாவுக்கு எத்தனை நாளா ஆசை."

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதில்லை. வாசலைத் தாண்டி வடக்கே கிளம்பும் எந்தப் பயணமும் பாதி வழிக்குள் தீர்த்த யாத்திரையாகிவிடும். ஹரிஷங்கரின் சித்தப்பா ஒருவர் சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போய் எட்டுக் கோயில் பார்த்துவிட்டு வந்தார், கல்லைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் இது இவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று கிருஷ்ணப்ரியா எதிர்பார்க்கவில்லை. துரைசுவாமி ஒரு முழுத் தாளில் அழகான கையெழுத்தில் திட்டம் எழுதினார். ஹரித்வாரில் இரண்டு நாள். ரிஷிகேசத்தில் ஒரு நாள். தேவப்ரயாகையில் சங்கமம். பத்ரி கோயில் அப்போது மூடியிருக்கும், அதனால் ஜோஷிமட்டில் நரசிம்மரைப் பார்த்தே ஆக வேண்டும், அங்கே ஒன்றரை நாள். அந்தத் தாளின் அடியில், இடம் போதாமல் சின்ன எழுத்தில், 'ப்ரியா சறுக்கல், 2 நாள்' என்று எழுதியிருந்தது.

"ஏழு நாளும் சறுக்கிண்டே இருந்தா கால் வலிக்காதோ?" என்றாள் தர்மாம்பாள். அவள் உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள்.

இந்தப் பனி ஆசை கிருஷ்ணப்ரியாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அந்த வீட்டில் எல்லோரும் அறிவார்கள். கல்லூரியில் அவள் என்.சி.சி.யில் இருந்தாள். மூன்றாம் வருஷம் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தி கொழிஞ்சாம்பாறைக்காரி, ஷீனா. இன்னொருத்தி அவள். அப்பா கையெழுத்துப் போட்டார், பூட்ஸ் அளவு கொடுத்தாயிற்று, கம்பளி உள்ளாடைகூட வாங்கியாயிற்று. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கல்பாத்தியில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். பெண் பார்க்க வருகிறோம், வெள்ளிக்கிழமை. அதை விட்டால் தை பிறந்துதான். அந்த வெள்ளிக்கிழமையைக் குறித்தவர் இதே துரைசுவாமி. அப்பா போய்க் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஷீனா போனாள், மூன்று வாரம் கழித்து மூக்குத் தோல் உரிந்து, இரண்டு வயது கூடின மாதிரி ஒரு நடையோடு திரும்பி வந்தாள். கிருஷ்ணப்ரியா பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

கல்யாணத்தில் அவளுக்குக் குறை இல்லை. ஹரிஷங்கர் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் இந்தக் கதையை விருந்தாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்லுவான். "பனியில விழ வேண்டியவ எங்காத்துல வந்து விழுந்தா." எல்லோரும் சிரிப்பார்கள். இருபது வருஷமாக அவளும் சிரித்திருக்கிறாள். அப்படிச் சிரித்ததை எல்லாம் இப்போது நினைத்தால் அவளுக்குக் காது சுட்டது.

நவம்பர் நடுவில் இருந்து பனி பார்ப்பது அந்த வீட்டின் நித்திய கர்மாவாகிவிட்டது. பள்ளிக்காரர்கள் சரிவைப் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா வைத்திருந்தார்கள். போனில் திறந்தால் அந்த நிமிஷம் அங்கே என்ன இருக்கிறதோ அது தெரியும். காலையில் காபிக்கு முன்னால் துரைசுவாமி கேட்பார், "உன் மலையைக் காட்டு." கிருஷ்ணப்ரியா காட்டுவாள். பழுப்பு நிறத்தில் புல். நவம்பர் பதினெட்டிலும் புல், இருபதிலும் புல். இருபத்திரண்டாம் தேதி ஒரு குதிரை வந்து நின்றது.

அவள் வேலை பார்க்கும் கிளை வேலந்தாவளத்தில் இருந்தது. காலையில் பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். அங்கே கிளையைப் பெருக்கித் துடைக்கும் சரஸ்வதியம்மாள் பெருமாட்டிப் பக்கத்துக்காரி, கிருஷ்ணப்ரியாவின் வயதுதான். தினமும் கதவைத் திறந்ததும் அவளுடைய முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்க மேடம், பனி உளுந்துருச்சுங்களா?" மழையைக் கேட்கிற மாதிரியே கேட்பாள். இல்லை என்றால் "நாளைக்கு உளுவுமுங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பாள். ஒரு மாதமாக இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டவர்களில், போக வேண்டியவள் போகத்தான் போகிறாள் என்று எடுத்துக்கொண்டு பேசியவள் அவள் ஒருத்திதான்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வீட்டில் கூடிப் பேசினார்கள். கிருஷ்ணப்ரியா வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். நேகி கூடுதல் கட்டணம் இல்லாமல் பிப்ரவரி ஐந்தாம் தேதி பேட்சுக்கு மாற்றித் தருகிறேன் என்கிறாள். சிராத்தம் பிப்ரவரி இருபதில். அவள் அதற்குள் வந்துவிடுவாள். எல்லோருமாகவே அப்போது போகலாம்.

"அதெப்படி?" என்றார் துரைசுவாமி. "டிக்கெட் எடுத்தாச்சு. ரூம் சொல்லியாச்சு. கார்த்திகைல கங்கைன்னு உன் மாமியார் சங்கல்பம் பண்ணிண்டிருக்கா. அதை மாத்தப்படாது."

"அப்போ பனி?"

"பனிதான் இல்லையே. அது இல்லேன்னா சறுக்கலை மட்டும் விட்டுட்டாப் போறது. பாக்கி எல்லாம் அப்படியே இருக்கட்டும். நோக்கும் நாலு கோயில் பாத்தாப்பல ஆச்சு."

தர்மாம்பாள் சொன்னாள், "பனி இல்லாம இருந்தா ஒரு வகைல சௌகர்யம்தான். குளிர் ஜாஸ்தி இருக்காது."

கிருஷ்ணப்ரியா ஹரிஷங்கரைப் பார்த்தாள். அவன் மேஜை விரிப்பில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

மறுநாள் வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை. கிளைக்கு வெளியே லாரிகளும் மாடுகளும் தரகர்களும் நிறைந்து, உள்ளே பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் நேகிக்குப் போன் போட்டாள். முடிவு எடுத்திருந்தாள். வீட்டார் யாத்திரை போகட்டும், தன் பெயரை மட்டும் பிப்ரவரிக்கு மாற்றிவிடலாம்.

நேகி குழம்பிப்போய், "உங்கள் இடத்தைத்தான் ரத்து செய்துவிட்டீர்களே, மேடம். நேற்று ராத்திரி சார் மெசேஜ் அனுப்பினாரே. பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்" என்றாள்.

"மாற்றச் சொல்லியா அனுப்பினார்?"

"இல்லை. ரத்து என்றுதான். பனி இல்லாததால் மேடத்துக்கு விருப்பம் இல்லை என்று எழுதியிருந்தார்."

பிப்ரவரியில் இடம் கேட்டாள். இல்லை. முதல் பேட்சில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இந்த வாரம் அதற்கு மாறிவிட்டார்கள். கடைசி இடம் இன்று காலையில் போயிற்று. நேற்று ரத்து என்பதற்குப் பதிலாக மாற்று என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் அந்த இடம் அவளுடையது. இனி அடுத்த வருஷம்தான்.

அவள் போனை வைத்தபோது சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது. சரஸ்வதியம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பனி இல்லீன்னுட்டாங்களாங்க?"

"பனி இல்லேன்னு அங்க யாரும் சொல்லலை. எங்காத்துக்காரர் எழுதிட்டார், எனக்கு இஷ்டம் இல்லைன்னு."

"உங்களைக் கேக்காமயுங்களா?"

"கேக்காமத்தான்."

"அதெப்படிங்க, உங்களுக்குப் புடிக்கலீன்னு அவரு எழுதறது?" சரஸ்வதியம்மாளுக்குக் குரல் ஏறிவிட்டது. மேலாளர் அறையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். "எங்கூட்டுல மாட்டை விக்கறதுன்னாக்கூட என்னையக் கேட்டுப்போட்டுத்தானுங்க சந்தைக்கு ஓட்டுவாங்க."

சாயங்காலப் பஸ்ஸில் கிருஷ்ணப்ரியாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பாலக்காட்டுச் சித்தூர் வரை தென்னந்தோப்பும் வயலும் ஓடிக்கொண்டிருந்தன, அவள் எதையும் பார்க்கவில்லை. மனசுக்குள் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. ஹரித்வாரில் எங்கே நிற்பது, படித்துறையில் கூட்டம் இருக்குமா, மாமியாருக்கு முழங்கால் தாங்குமா, எதுவும் நிச்சயம் இல்லை. தேவப்ரயாகைப் பாதையில் மண் சரிந்தால் இரண்டு நாள் வண்டியிலேயே கிடக்க வேண்டும். இதெல்லாம் நிச்சயமானால்தான் கிளம்புவோம் என்று யாராவது சொன்னார்களா? போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவளுடைய ஒரு காரியத்துக்கு மட்டும் வானம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பனி இல்லாத வாரத்தைத் தேடிக் கொடுத்தவர்களே பனி இல்லை என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். அந்த அநியாயத்தை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்தூரில் பஸ் நின்ற பத்து நிமிஷத்தில் கீழே இறங்கி நேகிக்கு மறுபடி போன் போட்டாள். ஒன்று கேட்டாள், பதில் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டில் கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. தர்மாம்பாள் கங்கைக்குச் செம்பு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். துரைசுவாமி திட்டத் தாளை வைத்துக்கொண்டு ரூம் எண்களைச் சரிபார்த்தார். ஹரிஷங்கர் அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றான். தான் எழுதியது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் புரிந்துகொண்டது, எழுந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எனக்கு இஷ்டம் இல்லைன்னு எழுதினேளாமே" என்றாள்.

"ப்ரியா, செத்த நிதானமாக் கேளு. உனக்காகத்தான். அத்தனை தூரம் போய்ப் புல்லைப் பாத்தா நீதான் வெறுத்துப் போவாய். அதுக்கு முன்னாடி நானே..."

"மாத்துங்கோன்னு எழுதியிருந்தா பிப்ரவரில எனக்கு எடம் இருந்தது. இன்னிக்குக் காலைல அதுவும் போயாச்சு. தெரியுமோ?"

ஹரிஷங்கருக்குத் தெரியாது. அவன் முகம் விழுந்தது. அது நடிப்பு இல்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது, அதனால் கோபம் குறையவில்லை. தெரிந்து கெடுத்திருந்தால் ஒரு கணக்காவது இருக்கும். இவர்கள் யோசிக்காமலே கெடுத்தார்கள். அவளுடைய காரியம் யோசிக்கத் தக்கது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

"போறது விடு" என்றார் துரைசுவாமி. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பனி எங்க ஓடிப் போறது?"

"அடுத்த வருஷமும் தை வரும்ப்பா. மாசி வரும். யாராவது ஒருத்தர் ஆத்துல விசேஷம் வரும். ஒண்ணும் இல்லாத வாரம்னு நீங்கோ தேடிக் குடுக்கறதுல பனியும் இருக்காது." அவள் போனை எடுத்து மேஜையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நேகியைக் கூப்பிட்டாள். ஹிந்தியில்தான் பேசினாள், வீட்டில் எல்லோருக்கும் அந்த அளவு ஹிந்தி தெரியும்.

"நான் சாயங்காலம் கேட்டதை இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"முதல் பேட்ச் ரத்தாகவில்லை, மேடம்" என்றது நேகியின் குரல். "நாக்பூரில் இருந்து ஒரு டாக்டர் அம்மா வருகிறார். நீங்கள் வந்தால் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நடத்துவேன். ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். ஏழாம் தேதி கொஞ்சம் விழலாம் என்கிறார்கள், விழாமலும் போகலாம். விழாவிட்டால் பூட்ஸ் போட்டு நடக்கவும், விழவும், எழவும் புல்லிலேயே சொல்லிக் கொடுப்பேன். மேலே ஏறிப் போய் எங்கேயாவது நிழலில் பழைய பனி கிடந்தால் அதில் நிறுத்துவேன். அவ்வளவுதான் என்னால் முடியும்."

"என் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா?"

"சேர்த்துவிட்டேன். எண்?"

கிருஷ்ணப்ரியா தன் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஹரிஷங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போனை வைத்ததும் அவள் திட்டத்தைச் சொன்னாள். ஹரித்வார் வரை ஒரே வண்டி. அங்கே இறங்கி அவர்கள் படித்துறைக்குப் போகட்டும், அவள் மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் நேரே ஜோஷிமட் போவாள். ஐந்தாம் தேதி மேலே இருப்பாள். ஏழு நாளும் இருப்பாள். பதினொன்றாம் தேதி முடிந்து தனியாகத் திரும்பி வருவாள். மார்கழி பிறப்பதற்குள் வந்தால் வருவாள், இல்லாவிட்டால் பிறந்த பிறகு வருவாள்.

"எனக்குக் கங்கைல எறங்க யார் கை குடுப்பா?" என்றாள் தர்மாம்பாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, பயம் இருந்தது. கிருஷ்ணப்ரியாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவள் அவள்தான்.

"உங்க பிள்ளை குடுப்பார்ம்மா. கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ. அவருக்கும் ரெண்டு கை இருக்கு."

ஹரிஷங்கர் தலை நிமிர்ந்தான். "நானும் உன்னோட வரேன். அப்பா அம்மாவை ஹரித்வார்ல விட்டுட்டு..."

"வேண்டாம். நீங்கோ அம்மாவைப் பாத்துக்கோங்கோ. எழுதினது நீங்கோ, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை. ஆறினப்பறம் பேசலாம்."

துரைசுவாமி கையில் இருந்த தாளை மேஜைமேல் வைத்தார். அவரை எதிர்த்து அந்தக் கூடத்தில் யாரும் இத்தனை நேரம் பேசியதில்லை. அவருக்குக் கோபத்தைவிடத் திகைப்புத்தான் அதிகம் இருந்தது.

"சரி, போறாய். பனி வரலை. அந்தப் புல்லுல ஏழு நாள் நடந்துட்டுத் திரும்பி வராய். நம்ம அக்ரஹாரத்துல நாலு பேர் கேப்பா, சறுக்கினயான்னு. என்ன சொல்லுவாய்?"

"பனி வரலைன்னு சொல்லுவேன்ப்பா. ஆத்துல விடலைன்னு சொல்லிக்கறதைவிட அது எத்தனையோ மானம்."

கூடத்தில் நாலு பெட்டியிலும் துணிகள் கலந்து கிடந்தன. கிருஷ்ணப்ரியா தரையில் உட்கார்ந்து தன்னுடையவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வேறு பையில் வைக்க ஆரம்பித்தாள்.